இரசாயனவியல் பட்டத்தோடு இரசாயனப் பொறியியல் பட்டப்பின் படிப்பு: "ஏன் இந்தத் துறை?" என்பதற்கு என்ன எழுதுவது?

எழுவான்கரை

வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம், நாலாம் வருடம் முடியப்போகிறது. அடுத்து இரசாயனப் பொறியியலில் எம்எஸ்சி, கிடைத்தால் நேரே பீஎச்டி என்பது எண்ணம். எல்லா இடமும் கேட்கிற நோக்கக் கூற்றில், அதுதான் எஸ்ஓபியில், மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முதற்பந்தி இப்படி இருக்கிறது:

"சிறு வயது முதலே இரசாயனவியலில் எனக்குத் தீராத ஆர்வம். இயற்கையின் இரகசியங்களை அறியத் துடிக்கும் மனம் என்னுடையது. உங்கள் உலகத்தரம் வாய்ந்த பல்கலைக்கழகத்தில் கற்று என் நாட்டுக்குச் சேவை செய்வதே என் இலட்சியம். இறுதி வருட ஆய்வில் உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கா தயாரித்தேன். இது கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றை அகற்றி எமது மக்களின் குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்கும்."

ஆய்வில் செய்தது: அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைச் சாம்பலை சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் கொதிக்கவைத்து, வடித்து, சல்பூரிக்கமிலம் விட்டு வீழ்படிவாக்கி, கழுவி உலர்த்தினேன். பிறகு அது மெதிலீன் நீலச் சாயத்தை எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, இணைந்த கணிதம் படிக்கவில்லை. அது தடையா? 2004 ஆழிப்பேரலையைப் பற்றி எழுதினால் வாசிப்பவர் மனதைத் தொடும் என்று பலர் சொல்கிறார்கள். எழுதலாமா? தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்க.

படுவான்கரை

தங்கச்சி, முதல் மூன்று வசனத்தையும் வெட்டுங்க. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் துறையின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் மருத்துவத்துக்கும் விவசாயத்துக்கும் விண்ணப்பிக்கிறவரும் அதையே எழுதலாம். கூற்றை வாசிப்பவர் அந்தத் துறைப் பேராசிரியர். இரசாயனவியலில் இருந்து வருகிறவரிடம் அவர் முதலில் தேடுவது, இரண்டு துறைக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறதா என்பதைத்தான்.

வித்தியாசம் பெரும்பாலும் அளவில் இருக்கிறது. ஒரு லீற்றர் குடுவையில் செய்ததை அதே வடிவமுள்ள 1000 லீற்றர் தாங்கியில் செய்கிறீர்கள் என்று வையுங்க. நீளம் 10 மடங்கு, மேற்பரப்பு 100 மடங்கு, கனவளவு 1000 மடங்கு. அதாவது ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கிற சுவர்ப்பரப்பு பத்திலொன்றாகக் குறைகிறது. குடுவையில் தானாக ஆறிய வெப்பம் தாங்கியில் ஆறாது. உங்கள் அமிலம் விடுகிற படியையே பாருங்க. முகவையில் கண்ணாடிக்கோலால் கலக்கிக்கொண்டே விட்டால் பிஎச் ஓரளவு சீராக இறங்கும். பெரிய தாங்கியில் அமிலம் விழுந்த இடம் உடனே கூழ்க்கட்டியாகிவிடும், மற்றப் பக்கம் காரமாகவே கிடக்கும். துணிக்கையின் அளவும் நுண்துளையும் தொகுதிக்குத் தொகுதி மாறும். இதற்குக் கலக்கியின் வடிவம், சுழற்சி வேகம், அமிலம் விடும் வீதம் என்று விடை தேட வேண்டும். இரசாயனவியல் பட்டத்தில் அதைப் படிப்பிக்க மாட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நோர்ட்டன் 1888இல் இரசாயனப் பொறியியலுக்குத் தனிப் பாடநெறி தொடங்கியதற்கும், ஆர்தர் லிற்றில் 1915இல் "அலகுச் செயற்பாடுகள்" என்று கலத்தல், வடித்தல், உலர்த்தல், காய்ச்சி வடித்தல் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டியதற்கும் அடிப்படை இந்த இடைவெளிதான்.

இப்போது உங்கள் ஆய்வுக்கு ஒரு திணிவுச் சமநிலை, அதாவது உள்ளே போகிற நிறைக்கும் வெளியே வருகிற நிறைக்கும் கணக்கு, போட்டுப் பாருங்க. ஒரு தொன் நெல்லுக்குச் சுமார் 200 கிலோ உமி. எரித்தால் அதில் ஐந்திலொன்று, 40 கிலோ சாம்பல். சாம்பலில் 90 சதவீதம் சிலிக்கா என்றால் 36 கிலோ, அதாவது 600 மூல். ஒரு மூல் சிலிக்காவுக்கு இரண்டு மூல் சோடியம் ஐதரொட்சைட்டு என்று கணக்கிட்டால் 48 கிலோ வேண்டும். அதை நடுநிலையாக்க 59 கிலோ சல்பூரிக்கமிலம். முடிவில் கையில் 36 கிலோ சிலிக்கா. கழுவிய நீரோடு போவது 85 கிலோ சோடியம் சல்பேற்று. பொருளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உப்பு! ஒரு அரிசி ஆலை இதை எங்கே விடும்? வாய்க்காலுக்கும் வாவிக்கும்தான். "கழிவை மூலப்பொருளாக்கினேன்" என்று எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். நீங்கள் இந்த இடத்தில் நின்று "இதைக் குறைக்க எனக்குத் தெரியவில்லை, அதற்காகத்தான் வருகிறேன்" என்று எழுதினால் அதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

கடைசி வசனத்தில் ஒரு பிழை இருக்கிறது. கவனமாகப் பாருங்க. மெதிலீன் நீலம் நேரேற்றமுள்ள சாயம். சிலிக்காவின் மேற்பரப்பு பிஎச் 3க்கு மேலே மறையேற்றம் கொண்டது. ஆகவே சாயம் ஒட்டும். நைத்திரேற்றும் மறையேற்றம் உள்ளதுதான், அதை வெறும் சிலிக்கா தள்ளிவிடும். அமீன் போன்ற கூட்டத்தை மேற்பரப்பில் பிணைத்தால்தான் பிடிக்கும். அப்போதும் கடலோரக் கிணற்று நீரில் நைத்திரேற்றைவிடக் குளோரைட்டு பல மடங்கு அதிகமாக இருந்து அதே இடத்துக்குப் போட்டி போடும். அளக்காத ஒன்றைத் தீர்க்கும் என்று எழுதினால் வாசிப்பவர் அந்த வசனத்தோடு கூற்றை மூடிவிடுவார். இந்த இடத்தில் யாருக்கும் இரக்கம் வராது.

நெல்லும் சிலிக்காவும் சேர்ந்த சிக்கல் நமது மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1956இல் உற்பத்தி தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு வைக்கோல் ஒரு முக்கிய மூலப்பொருள். மரத்தில் சாம்பலே ஒரு சதவீதத்துக்குள் அடங்கும், வைக்கோலில் சிலிக்கா மட்டும் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். காரத்தில் வேகவைக்கும்போது அது கரைந்து கறுப்புத் திரவத்துக்குள், அதாவது வேகவைத்த பின் மிஞ்சும் காரக் கழிவுத் திரவத்துக்குள், போகிறது. திரவத்தைச் செறிவாக்கும்போது பிசுபிசுப்பு ஏறுகிறது, ஆவியாக்கியின் குழாய்களில் படிகிறது, சுண்ணாம்பை மீட்கும் படியையும் கெடுக்கிறது. வைக்கோல் ஆலைகள் உலகெங்கும் காரத்தை மீட்க முடியாமல் திணறியதற்கு இது முக்கிய காரணம். உங்கள் சாம்பலும் அந்த வைக்கோலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: காரத்தில் கரைந்த சிலிக்காவை, காரத்தை இழக்காமல் வெளியே எடுப்பது எப்படி? கூற்றுக்கு இரண்டாம் பந்தி இதுதான்.

ஒலுவில் வெளிச்சவீடு

மேலே சொன்ன கணக்குச் சரி. ஆனால் நேர்முகத்தில் ஒருவர் குறுக்கே கேட்கக்கூடிய இடம் அதில் ஒன்று உண்டு, தங்கச்சி. சந்தையில் கிடைக்கிற நீர்க்கண்ணாடியில் (சோடியம் சிலிக்கேற்றுக் கரைசல்) சிலிக்காவுக்கும் சோடியம் ஒட்சைட்டுக்கும் உள்ள மூல் விகிதம் 3ஐ ஒட்டி இருக்கும். அந்த விகிதத்தில் கரைக்க முடிந்தால் அதே 36 கிலோவுக்கு 16 கிலோ சோடியம் ஐதரொட்சைட்டும் 20 கிலோ அமிலமும் போதும். சல்பேற்று 85இலிருந்து 28 கிலோவாக இறங்கும். பிறகு ஏன் ஆய்வுகூடத்தில் எல்லோரும் காரத்தை அள்ளி விடுகிறார்கள்? விகிதம் ஏற ஏறக் கரைவது மெதுவாகும், அழுத்தக் கலமும் கூடிய வெப்பநிலையும் கேட்கும். ஒரு பக்கம் கார மிச்சம், மறுபக்கம் எரிபொருளும் அழுத்தக் கலத்தின் விலையும். இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற கணக்கைப் போடத் தெரிந்தவரைத்தான் பொறியியலாளர் என்கிறோம். நீங்கள் பயன்படுத்திய விகிதம் எவ்வளவு என்று குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

சாம்பல் எப்படி எரிந்தது என்பதையும் எழுத வேண்டும். 700 பாகை செல்சியசுக்குக் கீழே கட்டுப்பாடாக எரிந்த உமி தரும் சிலிக்கா உருவமற்றது, காரத்தில் இலகுவாகக் கரையும். ஆலை அடுப்பில் 800, 900 தாண்டினால் ஒரு பகுதி பளிங்காக மாறும். அது கொதிக்கவைத்தாலும் முழுதாகக் கரையாது, அதன் தூசு நுரையீரலுக்கும் கேடு. சாம்பல் கறுப்பாக இருந்ததா? அப்படியானால் எரியாத காபன். உமியிலுள்ள பொற்றாசியம் உருகிக் காபனை உள்ளே மூடிவிடுவதும் அதற்குக் காரணம். எரிக்கும் முன்னர் ஐதான அமிலத்தில் கழுவினால் பொற்றாசியம் போய் வெள்ளைச் சாம்பல் கிடைக்கும். ஆனால் அங்கே இன்னொரு கழிவுநீர் பிறக்கும். உங்கள் விளைவு 60 சதவீதம்தான் வந்திருந்தால் அதை மறைக்காமல், மீதி 40 ஏன் வரவில்லை என்று இரண்டு வரி எழுதுங்க. 98 சதவீதம் என்று எழுதுவதைவிட அது நம்பத்தக்கது.

கணிதம் பற்றி. உயிரியல் பிரிவு தடையில்லை, ஆனால் வெளியே தெரிகிற குறை. அதை எஸ்ஓபியில் வருத்தப்பட்டு விளக்க வேண்டாம், நிரப்பிக் காட்டுங்க. தேவையான அளவு தெரிய ஒரு கணக்கு: 1000 லீற்றர் தாங்கியில் உப்புநீர், நிமிடத்துக்கு 10 லீற்றர் நன்னீர் உள்ளே வருகிறது, அதே அளவு கலந்த நீர் வெளியே போகிறது. 100 நிமிடத்தில் உப்பு எவ்வளவு மீதி? வகையீட்டுச் சமன்பாட்டை நீங்களே அமைத்து 37 சதவீதம் என்றும், 300 நிமிடத்தில் 5 சதவீதம் என்றும் எடுக்க முடிந்தால் முதற்படி தாண்டியாயிற்று. அடுத்தது பரவலுக்குரிய பகுதி வகையீட்டுச் சமன்பாடு, தாயங்கள், பைதனில் இவற்றை எண்முறையில் தீர்ப்பது. தினம் இரண்டு மணித்தியாலம் கொடுத்தால் நாலைந்து மாதத்தில் முடியும். சான்றிதழ் தருகிற இணையப் பாடநெறி ஒன்றை முடித்து, பெறுபேற்றை விண்ணப்பத்தோடு சேருங்க.

அதோடு திணிவு, சக்திச் சமநிலை, பாய்மப் பொறிமுறை, வெப்ப இடமாற்றம், திணிவு இடமாற்றம், தாக்கப் பொறியியல் ஆகியவை உங்களிடம் இல்லை. பல துறைகள் முதல் வருடத்தில் இவற்றை நிரப்பு பாடங்களாக எடுக்க வைக்கும். இணையத்தளத்தில் "பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு" என்ற பகுதியைத் தேடி வாசியுங்க. அப்படி ஒன்று இல்லாத இடத்துக்கு முதலில் மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டு விண்ணப்பிக்கிறது காசு மிச்சம்.

உங்கள் சொந்த ஆய்விலேயே திணிவு இடமாற்றம் இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். வடித்த சிலிக்காக் கூழில் 80 சதவீதம் நீர் என்று வையுங்க. 36 கிலோவுக்கு 144 லீற்றர் உப்புநீர் உள்ளே நிற்கும். 900 லீற்றர் நீரை ஒரே தடவையில் விட்டுக் கலக்கி வடித்தால் உப்பில் 14 சதவீதம் மிஞ்சும். அதே 900 லீற்றரை 300, 300, 300 என்று மூன்று தடவை விட்டால் 3.4 சதவீதம்தான். நீரை எதிர்த்திசையில் ஓடவிட்டால் இன்னும் குறைந்த நீர் போதும். ஆய்வுகூடத்தில் எத்தனை தரம் கழுவினீர்கள், ஏன் அத்தனை? "கடத்துதிறன் குறையும்வரை" என்றால் அந்த எண்ணையும் எழுதுங்க. அதன் பிறகு உலர்த்தல்: 144 கிலோ நீரை ஆவியாக்க மறைவெப்பம் மட்டும் 325 மெகாயூல். உமியின் வெப்பப் பெறுமானம் கிலோவுக்கு 14 மெகாயூலை ஒட்டி. அடுப்பின் வினைத்திறன் பாதி என்றாலும் 46 கிலோ உமி போதும். ஆனால் அவித்த நெல் செய்கிற ஆலையில் அந்த உமி ஏற்கெனவே கொதிகலனுக்குப் போகிறதே! மிச்சம் இருக்கிறதா என்பதை ஆலையில் போய்க் கேட்டு எழுதுங்க.

கல்லடிப்பாலம்

ஆழிப்பேரலை பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அண்ணாமார் சொல்லிவிட்டார்கள்.

எழுதலாம் மகள், ஆனால் இடம் பார்த்து. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில நோக்கக் கூற்றைத் தவிர வாழ்க்கைப் பின்னணிக் கூற்று என்று தனியாகக் கேட்கும். குடும்பம், இழப்பு, இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் இடம் அதுதான். அங்கே நேர்மையாக, அடக்கமாக எழுதுங்க. நோக்கக் கூற்றுக்குள் கொண்டுவருவதென்றால் அது உங்கள் தொழில்நுட்பக் கேள்வியை மாற்றியிருக்க வேண்டும். உதாரணம்: அலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகின, துப்பரவாக்க என்று நிறைய இறைத்த இடங்களில் உப்பு மேலும் ஏறியது. காரணம் அடர்த்தி. மணலுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 25 சென்ரிமீற்றர் இருந்தால் கீழே சுமார் 10 மீற்றர்வரை நன்னீர், ஒன்றுக்கு நாற்பது. இறைத்து மட்டத்தை 5 சென்ரிமீற்றர் இறக்கினால் உப்பு எல்லை காலப்போக்கில் 2 மீற்றர் மேலே வந்து நிற்கும். நீர்ச் சுத்திகரிப்பைப் படிக்கப் போகிறவருக்கு இது பொருத்தமான தொடக்கம். சிலிக்கா படிக்கப் போகிற உங்களுக்குப் பொருந்தாது. சோகத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வேறு விடயம் பேசினால் இரண்டுமே பலம் குறையும்.

சிபாரிசுக் கடிதம். பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். "ஒழுக்கமான மாணவி, நேரம் தவறாதவர்" என்று வருகிற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளரிடம் ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்க: வகுப்பில் எத்தனையாவது இடம், எந்தக் கருவியைத் தனியாக இயக்கினீர்கள், விளைவு குறைந்தபோது என்ன மாற்றிப் பார்த்தீர்கள். குறைந்தது ஆறு கிழமைக்கு முன்னர் கேளுங்க.

எங்கே என்பதில் சில நடைமுறை. அமெரிக்காவில் பிஎஸ்சியோடு நேரே பீஎச்டிக்குப் போகலாம். சேர்த்துக்கொண்டால் பொதுவாகக் கட்டண விலக்கும் மாதாந்தக் கொடுப்பனவும் சேர்ந்தே வரும், எம்எஸ்சிக்கு அப்படி வருவது குறைவு. அதனால் "முதலில் எம்எஸ்சி" என்ற எண்ணத்தை அங்கே மாற்றி யோசியுங்க. இறுதித் திகதி பல இடத்தில் டிசம்பர் நடுப்பகுதி. கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனி, விலக்குக் கேட்டால் தருகிற இடங்கள் உண்டு. ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வழங்கும் அபிவிருத்தி சார்ந்த பட்டப்பின் புலமைப்பரிசிலுக்குப் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், பட்டம் ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கவும் கூடாது. இப்போது கிடைக்காது, ஆனால் கணக்கில் வையுங்க. யப்பான் அரசின் மெக்ஸ்ட் (MEXT) புலமைப்பரிசிலுக்கு எஸ்ஓபியைவிட ஆய்வுத் திட்டம் முக்கியம். உங்கள் சல்பேற்றுக் கேள்வி அதற்கு நன்றாகப் பொருந்தும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்க. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்பினரானது. அது அங்கீகரிப்பது முதற்பட்டத்தை. பிஎஸ்சி இரசாயனவியலுக்கு மேல் எம்எஸ்சி இரசாயனப் பொறியியல் செய்தால் அதனாலேயே பட்டயப் பொறியியலாளர் ஆக முடியாது. ஆராய்ச்சி, விரிவுரை, தொழிற்சாலை ஆய்வுப் பிரிவு என்றால் பிரச்சினை இல்லை. வரைபடத்தில் கையொப்பமிடும் வேலைதான் வேண்டும் என்றால் அதற்குப் பாதை வேறு.

எழுவான்கரை

மிக்க நன்றி படுவான்கரை அண்ணா, ஒலுவில் நானா, கல்லடிப்பாலம் அக்கா. குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். விகிதம் 1ஐவிடக் குறைவு, காரத்தை அள்ளித்தான் விட்டிருக்கிறேன். விளைவு 71 சதவீதம். சாம்பல் கறுப்பு. முதற்பந்தியை இப்படி மாற்றினேன்:

"ஒரு தொன் நெல்லின் உமியில் சுமார் 36 கிலோ சிலிக்கா இருக்கிறது. எனது இறுதி வருட ஆய்வில் அரிசி ஆலைச் சாம்பலிலிருந்து அதன் 71 சதவீதத்தைக் காரத்தில் கரைத்து வீழ்படிவாக்கினேன். ஆனால் நான் கையாண்ட முறையில் ஒவ்வொரு கிலோ சிலிக்காவுக்கும் இரண்டு கிலோவுக்கு மேல் சோடியம் சல்பேற்று கழிவுநீரில் சேர்கிறது. காரத்தைக் குறைத்தால் சிலிக்கா மெதுவாகக் கரைகிறது. எவ்வளவு குறைக்கலாம், எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் என்பதற்கு இரசாயனவியல் பட்டத்தில் கருவி இல்லை. கரைதலின் இயக்கவியலையும் காரத்தை மீட்கும் முறைகளையும் கற்கவே இரசாயனப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கிறேன். இம்முறை எமது பிரதேசத்தின் கழிவுப் பிரச்சினையை முற்றாகத் தீர்க்கும்."

சரியா?

படுவான்கரை

நல்லா வந்திருக்கு தங்கச்சி. கடைசி வசனத்தை எடுத்துவிடுங்க, மறுபடி அதே இடத்தில் சறுக்குகிறீர்கள். "காரத்தைக் குறைத்தால் மெதுவாகக் கரைகிறது" என்பதை நீங்கள் அளந்தீர்களா, நாங்கள் சொன்னதைக் கேட்டு எழுதினீர்களா? அளக்கவில்லை என்றால் ஆய்வுகூடம் மூடுவதற்குள் விகிதம் 1, 2, 3 என மூன்று முகவை வைத்து, ஒரே வெப்பநிலையில் 30, 60, 120 நிமிடத்தில் மாதிரி எடுத்துப் பாருங்க. இரண்டு நாள் வேலை. 71 சதவீதமும் சாம்பலின் எடைக்கா, அதிலுள்ள சிலிக்காவுக்கா என்று சொல்லவில்லை. சாம்பல் கறுப்பு என்றால் இரண்டும் ஒன்றல்ல. கொஞ்சத்தை 105 பாகையில் உலர்த்தி நிறுத்து, பிறகு மூசையில் 550 பாகையில் நிறை மாறாமல் நிற்கும்வரை எரித்து மறுபடி நிறுங்க. குறைகிற நிறை பெரும்பாலும் காபன். அதைக் கழித்து விளைவைத் திருப்பிக் கணக்கிட்டு, வருகிற எண்ணைப் பந்தியில் போடுங்க.